சோறும் சோகையும்: லூசி வில்ஸ் அம்மையாரின் வாழ்வு

சென்னைத் திருவல்லிக்கேணியிலே கோஷா ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டால் வழி சொல்லாதார் இல்லை. கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று பலகை மாறிப் பல்லாண்டுகள் ஆயின. மக்கள் நாவிலே அது இன்றும் கோஷா ஆஸ்பத்திரிதான். அங்கே பிறந்தவர்களும், அங்கே பிள்ளை பெற்றவர்களும் இந்தப் பக்கத்தைப் படிப்போரில் எத்தனையோ பேர் இருப்பர். ஆனால், 1931ஆம் ஆண்டின் தொடக்கத்திலே அந்த மருத்துவமனையில் ஓர் ஆங்கில அம்மையார் இருந்து, சோகை பிடித்த கர்ப்பிணிகளைப் பற்றிய ஆராய்ச்சியை நடத்தி வந்தார் என்பதும், அவர் கண்டறிந்த உண்மையின் விளைவாகவே இன்று ஊர் தோறும் பிள்ளைத்தாய்ச்சியின் கையிலே ஒரு சின்னஞ்சிறு மாத்திரை வைக்கப்படுகிறது என்பதும் அறிந்தோர் மிகச் சிலரே!

லூசி வில்ஸ் என்பது அவர் பெயர்.

வெள்ளைக்காரர் என்றதும் நம் நினைவுக்கு வருவோர் யார்? கோட்டை கட்டியவர், வரி தண்டியவர், பீரங்கி முழக்கியவர், சட்டம் தீட்டியவர். அவர்கள் பெயர் சாலைக்குக் கிடைத்தது, பாலத்துக்குக் கிடைத்தது, சிலையாகவும் நின்றது. லூசி அம்மையாருக்கு அந்த மாத்திரைதான் நினைவுச் சின்னம். அதிலும் அவர் பெயர் பொறிக்கப்படவில்லை.

1888ஆம் ஆண்டு மே 10ஆம் நாள், இங்கிலாந்திலே பர்மிங்ஹாம் நகரை அடுத்த சட்டன் கோல்ட்ஃபீல்ட் என்ற ஊரில் அவர் பிறந்தார். கதிர் அரிவாள் முதலான வெட்டுக் கருவிகள் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்த குடும்பம். தந்தையார் அறிவியல் கற்றவர்; தாயாரோ பர்மிங்ஹாமில் பேர் பெற்ற ஒரு மருத்துவரின் மகள். முப்பாட்டனார் வழக்கறிஞர், வழக்கு மன்றத்தோடு நில்லாமல் வானிலை ஆராய்ச்சியிலும் ஈடுபட்டவர். ஆக, ஏன், எப்படி என்று கேட்கும் பழக்கம் அந்த வீட்டிலே தலைமுறை தலைமுறையாக இருந்து வந்தது. பெண் பிள்ளைக்கு எதற்கு விஞ்ஞானம் என்று கேட்கும் பழக்கந்தான் இல்லை. 1903இல் செல்ட்டன்ஹாம் பெண்கள் கல்லூரியிலே சேர்த்தார்கள். பெண்களுக்கு விஞ்ஞானமும் கணிதமும் கற்பிப்பதில் அந்நாட்டிலே முன்னோடியாக விளங்கிய பள்ளி அது. 1907இல் கேம்பிரிட்ஜ் சென்று, நியூன்ஹாம் கல்லூரியிலே தாவர நூலும் மண்ணியலும் பயின்றார். 1911இல் தேறினார்.

தேறினார், ஆனால் பட்டம் கிடைக்கவில்லை! காரணம், அவர் பெண். பாடம் கேட்கலாம், தேர்வு எழுதலாம், தேர்ச்சி பெறலாம், பட்டத்தை மட்டும் கேட்கக் கூடாது. இதுதான் உலகப் புகழ் பெற்ற கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சட்டமாக இருந்தது. 1948ஆம் ஆண்டில்தான் அந்தக் கதவு திறந்தது. நம்மைப் பார்த்து நாகரிகமற்றவர் என்று பேசிய அந்தச் சீமைக்கு, கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1883இலேயே இரு பெண்களுக்குப் பட்டம் வழங்கிவிட்ட செய்தி எட்டாமலா இருந்திருக்கும்?

அதே 1911இல் தந்தையார் மறைந்தார். 1913இல் மூத்த சகோதரி 26ஆம் வயதிலே இறந்தார். துயரத்தோடு தாயாரும் மகளும் இலங்கைக்குக் கப்பலேறி, அங்கே உறவினர் வீட்டிலே தங்கினர். அடுத்த ஆண்டு தம்பியோடு தென்னாப்பிரிக்கா போனார் லூசி. அங்கிருக்கையில்தான் முதல் உலகப் போர் மூண்டது. தம்பி படையிலே சேர்ந்தார். தமக்கை கேப்டவுன் மருத்துவமனையிலே சில வாரம் தொண்டூழியம் புரிந்தார். அந்தச் சில வாரங்கள்தாம் அவர் மனத்தைத் திருப்பினவோ என்னவோ, தாயகம் திரும்பிய கையோடு, 1915 ஜனவரியிலே, லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் மாணவியாகச் சேர்ந்தார். 1920இல் மருத்துவரானபோது அவருக்கு வயது 32. இந்த வயதிலே படிப்பா என்று ஊர் பேசும் வயது!

அந்தப் பள்ளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதற்கும் சென்னைக்கும் தொடர்பு உண்டு. சென்னையிலே வழக்கறிஞராக இருந்த ஒருவரின் மனைவி மேரி ஷார்லீப். பிள்ளைப் பேற்றின்போது நம் பெண்கள் ஆண் மருத்துவரிடம் செல்ல மறுத்து, பார்ப்பாரின்றிச் சாவதைக் கண்டு மனம் பொறாமல், 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியிலே தாமே மாணவியாகச் சேர்ந்தார். பிறகு லண்டன் சென்று மேற்படிப்பு முடித்துத் திரும்பி, 1885இல் பெண்களுக்கென மருத்துவமனை ஒன்று தோன்றக் காரணமானார். அதுதான் நாம் சொன்ன கோஷா ஆஸ்பத்திரி. முழுப் பெயரைக் கேளுங்கள்: ‘சாதி இந்து, கோஷாப் பெண்களுக்கான ராயல் விக்டோரியா ஆஸ்பத்திரி’! பிரசவ வலி சாதி பார்த்து வருவதில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் பெயர் வைக்கும்போது சாதி பார்க்க வேண்டியிருந்தது. அப்படி வைத்தால்தான் பெண்கள் உள்ளே வருவார்கள் என்ற நிலை. குற்றம் பெயர் வைத்தவருடையதா, வைக்கச் செய்த சமுதாயத்தினுடையதா என்பதைப் படிப்போரே தீர்மானித்துக் கொள்ளட்டும். ஷார்லீப் அம்மையார் படித்த லண்டன் பள்ளியிலேதான் பின்னாளில் லூசியும் படித்தார். அவர் காலத்தில் அங்கே இந்திய மாணவிகளும் இருந்தனர். பிற்காலத்திலே பம்பாயில் புகழ் பெற்ற மகப்பேற்று மருத்துவராக விளங்கிய ஜெருஷா ஜிராத் அவர்களுள் ஒருவர்.

பட்டம் பெற்ற லூசி, தனி மருத்துவம் செய்து பொருள் திரட்டும் வழியை நாடவில்லை. ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் சோதனைச் சாலைக்குள் புகுந்தார். கர்ப்ப காலத்தில் உடலிலே ஏற்படும் இரசாயன மாறுதல்களை ஆராய்ந்தார். எட்டு ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. 1928இல் இந்தியாவிலிருந்து அழைப்பு வந்தது.

அழைத்தவர் மார்கரெட் பால்ஃபர் என்ற பெண் மருத்துவர். பிள்ளைப் பேற்றிலே தாய்மார் ஏன் இப்படி மடிகிறார்கள் என்று ஆராயப் பம்பாய் ஹாஃப்கின் நிலையத்திலே ஒரு விசாரணை தொடங்கியிருந்தது. பெண்களைக் கொல்லும் காரணங்களுள் ஒரு வகைச் சோகை இருந்தது. அதன் காரணம் எவருக்கும் பிடிபடவில்லை.

நோய் எப்படி வரும்? கர்ப்பிணி வெளுப்பாள். நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். நெஞ்சு படபடக்கும். நாக்கு புண்ணாகிச் சோறு இறங்காது. சிலருக்கு வயிற்றுப்போக்கும் சேர்ந்து கொள்ளும். கால் வீங்கும். மசக்கைக் களைப்பு என்று மாமியார் சொல்வார். திருஷ்டி என்று அண்டை வீட்டார் சொல்வார். தலையெழுத்து என்று கணவன் சொல்வான். எட்டாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ தாயும் போவாள், சேயும் போகும். துளி இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லிலே தடவி நுண்பெருக்கியால் பார்த்த மருத்துவர்களுக்கு ஒரு விந்தை தெரிந்தது. இரும்புச் சத்துக் குறைந்த சோகையிலே சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறி இருக்கும். இந்தச் சோகையிலோ அவை எண்ணிக்கையிலே குறைந்து, உருவத்திலே பெருத்துக் கிடந்தன. அக்காலத்திலே ஐரோப்பியரிடையே ‘கொல்லும் சோகை’ என்று ஒரு நோய் பேசப்பட்டது. அதிலும் அணுக்கள் இப்படித்தான் பெருத்திருக்கும். ஆகவே இதற்கும் ‘கர்ப்ப காலக் கொல்லும் சோகை’ என்று பெயர் சூட்டிவிட்டு, மேலே போக வழி தெரியாமல் நின்றார்கள்.

லூசி அம்மையார் பம்பாயிலே இறங்கியதும் செய்த வேலை, நுண்பெருக்கியோடு நின்றுவிடாமல் அடுப்படியையும் ஆராய்ந்தது. தல்பாடே என்ற இந்திய ஆய்வாளரோடு சேர்ந்து, பம்பாய்ப் பெண்கள் எப்படிப்பட்ட இடத்திலே வசிக்கிறார்கள், என்ன உண்கிறார்கள் என்று கணக்கெடுத்தார். அந்தக் கணக்கு 1930இல் அச்சாயிற்று. எந்தப் பிரிவினர் உணவு மிக மோசமோ, அந்தப் பிரிவினரிடையேதான் நோயும் மிகுதி! ஆலைத் தொழிலாளர் குடும்பங்களிலே அது இருந்தது. எல்லாரினும் கேடான உணவு உண்டவர்கள் ஏழை முஸ்லிம் பெண்கள். எல்லாரினும் அதிகமாகச் சோகைக்கு ஆளானவர்களும் அவர்களே. கீரை அருமை, பழம் அருமை, பால் அருமை. வயிறு நிறைந்தாலும் இரத்தம் ஊற வழியில்லாத உணவு. அதே பம்பாயில், அதே வெயிலில், அதே தண்ணீரைக் குடித்த வசதி படைத்த வீட்டுப் பெண்களுக்கோ இந்த நோய் அரிது.

எண்ணிப் பாருங்கள்! நூலும் துணியும் நெய்து உலகுக்கு உடுத்திய நகரம் பம்பாய். அந்த ஆலைகளின் சங்கு ஒலிக்கு எழுந்து ஓடிய குடும்பங்களிலே, பிள்ளையைச் சுமந்தவளுக்கு ஒரு பிடி கீரை வாங்கக் காசில்லை. நோய்க்கிருமியைத் தேடி வந்தவர் கண்டது இதைத்தான்.

ஆனால் கணக்கு வேறு, நிரூபணம் வேறு. ஏழைகளிடம் உணவுக் குறை மட்டுமா உண்டு? நெரிசல் உண்டு, மலேரியா உண்டு, குடற்புழு உண்டு. எது காரணம் என்று பிரித்துக் காட்ட வேண்டாமா? அதற்காக அவர் 1929 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நம் நீலகிரிக்கு வந்தார். குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்திலே சர் ராபர்ட் மக்காரிசன் உணவு ஆராய்ச்சி நடத்தி வந்தார். இந்த மக்காரிசன் வெவ்வேறு மாகாண மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தவர். கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் காய்கறியும் கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் கொழுகொழுவென்று முதலிடம் பெற்றன, தீட்டிய அரிசிச் சோற்றை நம்பிய சென்னை மாகாண உணவை உண்டவை கடைசியில் நின்றன என்று காட்டி நம்மை வெட்கப்பட வைத்தவர்! ஒற்றை அறையிலே 1918இல் தொடங்கிய அவருடைய குன்னூர் ஆராய்ச்சிச் சாலைதான் 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, தேசிய ஊட்டச்சத்து நிலையமாக வளர்ந்தது.

அங்கே லூசி அம்மையார் வெள்ளெலிகளுக்குப் பம்பாய் ஏழைப் பெண்களின் உணவையே கொடுத்தார். எலிகளுக்குச் சோகை வந்தது. சினையான எலிகள் ஈனும் முன்பே செத்தன. ஈஸ்ட் சேர்த்துக் கொடுத்த எலிகள் பிழைத்தன. மா புளிக்கவும் சாராயம் காய்ச்சவும் பயன்படுகிறதே, அந்த ஈஸ்ட்தான். வெற்றி என்று துள்ளியிருக்கலாம். ஆனால் எலிகளின் உடம்பிலே இருந்த பேன்கள் பரப்பிய தொற்று ஒன்றும் சோகைக்குக் காரணமாகலாம் என்று பின்னர் தெரிய வந்தது. மூடி மறைத்துப் பெயர் தேடிக் கொள்ளும் விஞ்ஞானிகள் உண்டு; அவர் அப்படிச் செய்யவில்லை. குரங்குகளை வைத்து முதலிலிருந்து ஆய்வை நடத்தினார். உணவுக் குறையால் குரங்குகளுக்கும் அதே பெருத்த அணுச் சோகை வருவதை 1932இல் உலகுக்குக் காட்டினார்.

இனி மருந்து. அமெரிக்க மருத்துவர்கள் மைனாட்டும் மர்ஃபியும், தினம் ஏறத்தாழ அரை ராத்தல் ஈரல் தின்ன வைத்துக் கொல்லும் சோகையைத் தணிக்கலாம் என்று 1926இல் அறிவித்திருந்தார்கள். 1934இல் நோபல் பரிசும் பெற்றார்கள். ஈரலைச் சாறாக்கி மருந்தும் விற்பனைக்கு வந்தது. விலையோ யானை விலை! ஆலைத் தொழிலாளியின் மனைவிக்கு அது கிட்டுமா? ஆகவே ஈஸ்டிலே விடை இருக்குமோ என்று தேடினார் லூசி.

இங்கிலாந்திலே சாராயத் தொட்டிகளில் அடியிலே தங்கும் ஈஸ்டை வடித்து, உப்பிட்டு, கறுப்புக் களிம்பாக்கி, ரொட்டியிலே தடவித் தின்பார்கள். மார்மைட் என்று பெயர். 1902இல் பர்ட்டன் நகரிலே தொடங்கிய தொழில். அதன் வாடையை விரும்புவோர் பாதி, வெறுப்போர் பாதி. மலிவான சரக்கு. இந்தக் கறுப்புக் களிம்பைத்தான் சாகக் கிடந்த பெண்களுக்குக் கொடுத்தார் லூசி அம்மையார். சில நாட்களிலேயே இரத்தத்திலே புதிய இளம் சிவப்பணுக்கள் தலைகாட்டின. வெளுத்த முகம் நிறம் பெற்றது. எழுந்து உட்கார முடியாதவர்கள் எழுந்து நடந்தார்கள். 1931ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழிலே இச்செய்தி வெளியாயிற்று. அதே ஆண்டின் தொடக்கத்திலேதான் அவர் சென்னைக் கோஷா ஆஸ்பத்திரியில் இருந்தார்.

மார்மைட் புகழ் பரவிற்று. 1934–35இல் இலங்கையைச் சூறையாடிய மலேரியாக் கொள்ளை நோயின்போது, உணவின்றி மெலிந்தோருக்கு மார்மைட் வழங்கப்பட்டது. தந்தையை இழந்த துயரோடு லூசி தங்கியிருந்த அதே தீவு. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் உள்ள நம்மவர்க்கு மார்மைட்டை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

இத்தோடு அவர் நின்றிருந்தால் நல்ல மருத்துவர் என்ற பெயரோடு போயிருப்பார். அவரை விஞ்ஞானியாக உயர்த்தியது அடுத்த கேள்வி. ஈஸ்டிலும் ஈரலிலும் இருப்பது ஒரே சத்துத்தானா? பெரும்பாலோர் ஆம் என்றே எண்ணினர். லூசி அம்மையார் உரசிப் பார்த்தார். கொல்லும் சோகைக்காரருக்கு இரைப்பையிலே அமிலம் சுரப்பதில்லை. பம்பாய்க் கர்ப்பிணிகளுக்கோ அமிலம் சுரந்தது. கச்சா ஈரல் சாறு இருவரையும் குணப்படுத்தியது. ஆனால் நன்கு வடித்துத் தூய்மைப்படுத்திய விலையுயர்ந்த ஈரல் மருந்து கொல்லும் சோகையைத் தீர்த்ததே தவிர, பம்பாய்க் கர்ப்பிணிகளிடம் பலிக்கவில்லை! தூய்மைப்படுத்தும் போது எதுவோ ஒன்று கழிந்து போகிறது. அந்தக் கழிந்து போன பொருள்தான் இந்தப் பெண்களுக்கு வேண்டியது. ஆகவே இவை இரண்டு நோய்கள். இரண்டுக்கும் வெவ்வேறு சத்துகள். இந்த முடிவை 1937, 1938ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்திலே கூட்டாளிகளோடு சேர்ந்து எழுதி நாட்டினார். பெயர் தெரியாத அந்தச் சத்தை உலகம் ‘வில்ஸ் காரணி’ என்று அழைத்தது. 1937 இறுதியில் மீண்டும் பத்து வாரம் பம்பாய் வந்தார். அம்முறை கடல் மேல் இறங்கும் விமானத்திலே கராச்சி வரை பறந்து, அங்கிருந்து கப்பலேறினார். ஐம்பதை எட்டிக் கொண்டிருந்த அம்மையாருக்கு அது முதல் விமானப் பயணம்.

கண்டவர் ஒருவர், பெயரிட்டவர் வேறொருவர் என்பது விஞ்ஞானத்திலே வழக்கம். 1941இல் அமெரிக்காவிலே டெக்சாஸ் ஆராய்ச்சியாளர்கள் நான்கு டன் பசலை வகைக் கீரையைப் பிழிந்து ஒரு சத்தைச் சிறிதளவு பிரித்தெடுத்தார்கள். இலைக்கு லத்தீன் சொல் ஃபோலியம்; ஆகவே ஃபோலிக் அமிலம் என்று பெயர். 1945இல் லெடர்லி ஆராய்ச்சிச் சாலையிலே அதைச் செயற்கையாகவே செய்து காட்டினார்கள். அந்தச் சாலையின் ஆராய்ச்சித் தலைவர் யார் தெரியுமா? எல்லாப்பிரகட சுப்பாராவ்! பீமவரத்திலே பிறந்த ஆந்திரர். சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலே தேறி, சென்னை மருத்துவக் கல்லூரியிலே பயின்றவர். கதராடை உடுத்தியதற்காக வெள்ளைக்காரப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் மறுக்கப்பட்டவர். பெண் என்பதால் ஒருவருக்குப் பட்டமில்லை, கதர் கட்டியதால் மற்றவருக்குப் பட்டமில்லை. பட்டம் மறுக்கப்பட்ட இந்த இருவர் கைபட்டுத்தான் அந்த மாத்திரை உருவாயிற்று. வில்ஸ் காரணி என்பது ஃபோலிக் அமிலச் சத்தே என்பது தெளிவானதும், பழைய பெயர் வழக்கொழிந்தது. மற்றொரு சத்தான பி12 வைட்டமின் 1948இல் பிரித்தெடுக்கப்பட்டது. இரண்டும் வெவ்வேறு என்று லூசி அம்மையார் சொன்னது மெய்யாயிற்று.

போர்க்காலத்திலே அவர் லண்டனிலேயே பணியாற்றினார். 1944 ஜூலையில் ஜெர்மானியரின் பறக்கும் குண்டு ராயல் ஃப்ரீ மருத்துவமனை மீதே விழுந்தது, பலர் மாண்டனர், சில நாட்களிலே சோதனைச் சாலை மறுபடி இயங்கிற்று. அங்கே இரத்த ஆய்வுக்கெனத் தனித் துறையை முதன்முதல் நிறுவியவரும் அவரே. 1947இல் ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது அரசாங்கக் கணக்குக்குத்தான்! ஜமைக்கா, ஃபிஜி, தென்னாப்பிரிக்கா என்று ஏழைகளின் தட்டையும் இரத்தத்தையும் ஆராய்ந்தபடி சுற்றினார். திருமணம் செய்து கொள்ளவில்லை. மலையேறுவார், பனிச்சறுக்கு விளையாடுவார். பகட்டுப் பேர்வழிகளைக் கண்டால் ஆகாது. கடைசி ஆண்டுகளிலே லண்டன் செல்சீ நகராட்சியில் தொழிற்கட்சி உறுப்பினராக இருந்தார். பணக்காரர் வாழும் வட்டாரத்திலே தொழிலாளர் கட்சிக் கொடி! பம்பாயிலே கண்டதை மறவாதவருக்கு அது இயல்பாகத்தான் இருந்திருக்கும். 1964 ஏப்ரல் 16ஆம் நாள் மறைந்தார்.

அவர் மறைந்த பின்பு அந்தச் சத்தின் இன்னொரு பெருமை வெளிப்பட்டது. முதுகுத் தண்டு மூடாமல், மூளை வளராமல் பிறக்கும் குழந்தைகள் உண்டல்லவா? முற்பிறவிப் பாவம் என்றும் கிரகணத்திலே வெளியே வந்தாள் என்றும் அந்தத் தாயை வதைப்பார்களே, அந்தக் குறை. பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஏழு நாடுகளில் நடத்திய சோதனையின் முடிவு 1991இல் வெளியாயிற்று. முன்பு அப்படிக் குழந்தை பெற்ற தாய்மாருக்குக் கருத்தரிப்புக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் கொடுத்ததில், நான்கு குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றை அக்குறையிலிருந்து காக்க முடிந்தது. 1998 முதல் அமெரிக்கா தானிய மாவிலேயே இச்சத்தைக் கலக்கக் கட்டளையிட்டது. லூசி பிறந்த இங்கிலாந்தோ எண்ணி எண்ணி, 2024இல்தான் சட்டம் இயற்றி, 2026 டிசம்பரை நடைமுறை நாளாகக் குறித்தது.

இதிலே நம் வீடுகளிலே தெரிந்து கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கருவின் முதுகுத் தண்டு, கரு உண்டான நான்கு வாரத்துக்குள்ளே மூடிக் கொள்கிறது. அப்போது தலை முழுகாமல் இருக்கிறோம் என்பதே பல பெண்களுக்குத் தெரிந்திராது. ஆகவே ஐந்தாம் மாதத்திலே மாத்திரை தொடங்கினால் தாயின் சோகைக்குப் பயன்படும். குழந்தையின் முதுகுத் தண்டுக்குக் காலம் கடந்துவிடும். குழந்தை வேண்டும் என்று எண்ணும்போதே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் தொடங்கி, முதல் 12 வாரம் தவறாமல் உட்கொள்ள வேண்டும். முன்பு குறையுள்ள குழந்தை பெற்றவர்க்கும், வலிப்பு மருந்து உண்போர் சிலர்க்கும் இதனினும் பன்மடங்கு அளவு தேவை. அதை மருத்துவர் சொல்லியே உண்ண வேண்டும்.

நம் நாட்டிலே 1970 முதல் கர்ப்பிணிகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையை அரசு இலவசமாக வழங்கி வருகிறது. 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். கர்ப்ப காலத்தில் 180 நாள், பிள்ளை பெற்ற பின்பும் 180 நாள் என்பது கணக்கு. இருந்தும் 2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கிலே, இந்தியக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேர் சோகையோடு இருந்தார்கள். லூசி அம்மையார் கப்பலில் வந்திறங்கித் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்பும் பாதிக்கு மேல்! மாத்திரை உற்பத்தியாகிறது, லாரியில் ஏறுகிறது, சுகாதார நிலையத்துக்கு வருகிறது, கையிலும் கிடைக்கிறது. அதன் பின் அஞ்சறைப் பெட்டியின் பின்னாலே ஒளிந்து கொள்கிறது. குமட்டுகிறது என்கிறார்கள், மலம் கறுக்கிறது, பயமாயிருக்கிறது என்கிறார்கள், குழந்தை கறுத்துவிடும் என்று எவளோ ஒரு கிழவி சொல்லிவிட்டாள் என்கிறார்கள். மலம் கறுப்பது இரும்பின் இயல்பு. அதனால் கேடு இல்லை. குழந்தையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. வெறும் வயிற்றிலே குமட்டினால் சாப்பிட்ட பின் உட்கொள்ளலாம். காப்பி, தேநீரோடு சேர்த்து உட்கொண்டால் மட்டும் இரும்பு உடலிலே ஒட்டாது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் வேறு வேளைக்குத் தள்ள வேண்டும்.

எந்தச் சோகை என்று அறிய இரத்தச் சோதனை ஒன்றே வழி. கண்ணிமையைத் தாழ்த்திப் பார்த்து வெளுப்பைச் சொல்லலாம். வெளுப்பின் காரணத்தைச் சொல்ல முடியாது. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் பொதுவாக 11 கிராமுக்குக் குறைந்தால் சோகை. 7க்குக் கீழே போனால் ஆபத்து, மருத்துவமனையிலே சேர்க்க வேண்டும். அணு சிறுத்திருந்தால் பெரும்பாலும் இரும்புக் குறை. பெருத்திருந்தால் ஃபோலிக் அமிலமா, பி12ஆ என்று பார்த்தாக வேண்டும். இந்த இரண்டாம் கேள்வியை விட்டுவிடலாகாது. பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் இரத்தம் தேறியது போலத் தோன்றும்; நரம்போ உள்ளே கெட்டுக் கொண்டிருக்கும். பி12 சத்துப் பால், முட்டை, மீன், இறைச்சியிலேதான் கிடைக்கும். புலால் மறுத்தவர்களிலே பாலும் அருகியவர்கள் இதைச் சோதித்துக் கொள்வது நல்லது.

உணவிலே கீரையும், பருப்பு பயறும், வேர்க்கடலையும் ஃபோலிக் சத்து நிறைந்தவை. ஆனால் இச்சத்துக் கொதியிலே அழியும், நீரிலே கரையும். கீரையைக் குழையக் குழைய வேக வைத்து, வடித்த நீரைச் சாக்கடையிலே கொட்டிவிட்டுச் சக்கையை மசிக்கும் வீடுகள் எத்தனை! ஈரலைப் பொறுத்தவரை காலம் தலைகீழாகிவிட்டது. அன்று உயிர் காத்த மருந்தாக இருந்ததை, இன்று அதிலுள்ள வைட்டமின் ஏ அளவு மீறினால் கருவுக்குத் தீங்கு என்பதற்காக, கர்ப்பிணிகள் உண்ண வேண்டாமென்று பிரிட்டிஷ் மருத்துவத் துறை அறிவுறுத்துகிறது.

இத்தனையும் செய்த பிறகும், சத்துள்ளதை வாங்கக் கூலி போதாத வீட்டிலே மாத்திரை முக்கால் கிணறுதான் தாண்டும். பம்பாய் ஆலைகளிலே பெரும்பாலானவை மூடிக் கிடக்கின்றன. அவை நின்ற இடத்திலே விண்ணைத் தொடும் மாளிகைகள் எழுந்துள்ளன. லூசி அம்மையார் எடுத்தது போன்ற கணக்கை, எந்த வீட்டுப் பெண் என்ன உண்கிறாள், அவள் இரத்தம் எப்படி இருக்கிறது என்ற கணக்கை, இன்று கட்டட வேலைக்குக் கல் சுமக்கும் கர்ப்பிணிகளிடமும், செங்கற் சூளையிலே குடியிருக்கும் கர்ப்பிணிகளிடமும் எடுக்கலாம். சுகாதாரச் செவிலியர் கையிலே இரத்தம் பார்க்கும் கருவி இருக்கிறது. தட்டைப் பற்றிக் கேட்கத்தான் அவர்களது பதிவேட்டிலே இடம் ஒதுக்க வேண்டும்.